ஒரு கௌலும் ஒரு பெர்மிட்டும்

“காடு பொழைக்கணும்னா மொதல்ல அங்க இருக்கிற ஜனங்கள வெளிய கொண்டுவந்துரணும்டா. மனுஷன் கால் வச்ச எடம் எதுவும் உருப்பட்டதில்ல.” நண்பன் சொன்னதில் புதுசாக ஒன்றுமில்லை. சென்னையில் இயற்கை ஆர்வலர்கள் நாலு பேர் கூடுகிற எந்த இடத்திலும், டீ ஆறுவதற்குள் யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுவார். ஆனால் அவன் அதைச் சொன்ன இடம்தான் என்னை விடாமல் அரித்துக்கொண்டிருக்கிறது. வேடந்தாங்கலில் காலை முழுக்கக் கூழைக்கடாவும் நத்தைகுத்தி நாரையும் பார்த்துவிட்டு, படாளம் கூட்டுரோட்டில் ஜி.எஸ்.டி. ரோடு ஏறக் காத்திருக்கும்போது சொன்னான். கழுத்தில் பைனாகுலர் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.

வேடந்தாங்கல் காடு இல்லை, ஏரி. மொத்தம் 30 ஹெக்டேர் இருந்தால் அதிகம். கரைக்கு இந்தப்பக்கம் ஊர், அந்தப்பக்கம் வயல், நடுவில் மாடு, மோட்டார் கொட்டகை, மாரியம்மன் கோயில் மைக். ஜனங்களை வெளியேற்றிவிட்டு உண்டாக்கிய சரணாலயம் இல்லை அது. ஊர்க்காரர்கள் துப்பாக்கிக்காரனை வெளியேற்றி உண்டாக்கியது. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் வந்து பறவைகளைச் சுட்டபோது, ஊரார் செங்கல்பட்டுக் கலெக்டரிடம் போய் முறையிட்டார்கள். அப்போது கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ், 1798 வாக்கில், ஊர்க்காரர்களுக்கு ஒரு கௌல், அதாவது எழுத்து மூலமான உறுதிச் சீட்டு, எழுதிக் கொடுத்தார். இந்த ஏரியில் யாரும் பறவை சுடக்கூடாது, தடுக்கிற உரிமை ஊருக்கு உண்டு என்பது அதன் சாரம். 1858ல் அதைப் புதுப்பித்தும் வாங்கியிருக்கிறார்கள். கம்பெனி ஆட்சி போய் ராணி ஆட்சி வருகிற வருஷத்தில், பழைய காகிதம் செல்லாமல் போய்விடக் கூடாது என்று யாரோ ஒரு பெரியவர் யோசித்திருக்க வேண்டும். அந்தப் பெரியவரைப் பற்றி நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு.

இதைக் கருணைக் கதையாக மட்டும் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. கடப்ப மரத்திலிருந்து விழும் எச்சத்தோடு ஏரித் தண்ணீர் வயலுக்குப் பாய்ந்தால் உரச் செலவு மிச்சம். அது ஊருக்கு நன்றாகத் தெரியும். தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை என்று அந்த ஊரார் இருப்பதில் பாசமும் உண்டு, கணக்கும் உண்டு. இரண்டும் சேர்ந்திருப்பதால்தான் இருநூறு வருஷம் தாங்கியிருக்கிறது. 2020ல் சரணாலயத்தைச் சுற்றி இருக்கும் ஐந்து கிலோமீட்டர் பாதுகாப்பு வட்டத்தைச் சுருக்கலாம் என்று ஒரு யோசனை கிளம்பியபோது, சென்னையில் நாம் ஹேஷ்டேக் போட்டோம். ஊர்க்காரர்கள் தண்ணீரைப் பற்றியும் வயலைப் பற்றியும் பேசினார்கள். அந்த யோசனை நடக்காமல் போனதற்கு எந்தப் பேச்சு காரணம் என்று நான் தராசு பிடிக்கப் போவதில்லை. ஆனால், நாளைக்கும் அங்கேயே இருக்கப்போகிறவர்கள் யார் என்பதில் சந்தேகமில்லை.

இதையெல்லாம் சிங்கப்பெருமாள் கோயில் தாண்டும்வரை சொல்லிக்கொண்டு வந்தேன். அவன் பொறுமையாகக் கேட்டான். பிறகு, “அது வேறடா. அவங்க விவசாயிங்க. நான் சொல்றது காட்டுவாசிங்கள” என்றான். அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். எனக்குத்தான் பேச்சு அங்கிருந்து நகரவில்லை.

வடநெம்மேலிப் பானைகள்

நம் பக்கத்தில் “காட்டுவாசி” என்றால் இருளர்தான். அதுவும் பாதிதான் பொருந்தும். நீலகிரி, கோவைப் பக்கத்து இருளர்கள் மலையும் காடுமாக இருப்பவர்கள். செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்ட இருளர்களின் காடு என்பது ஏரிக்கரை, முள்ளுக்காடு, கரம்பு, சவுக்குத்தோப்பு ஓரம், நெல் வயலின் வரப்பு. கிராம நிர்வாக அலுவலரின் கணக்கில் இவற்றுக்கெல்லாம் வேறு வேறு பெயர் இருக்கிறது. புறம்போக்கு, மேய்ச்சல், நீர்நிலை, பிறத்தியார் பட்டா. இருளர் கணக்கில் எல்லாம் ஒரே நிலம். எந்த வரப்பில் எந்த மாதம் எலி வளை போடும், வளைக்குள் சேர்த்த நெல்லை எந்தக் கிளையில் வைத்திருக்கும், எலியைத் தேடி எந்தப் பாம்பு எப்போது உள்ளே போகும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தலைமுறையாகத் தெரிந்த விஷயம்.

அந்த அறிவை ஒரு காலத்தில் தோல் வியாபாரிகள் வாங்கினார்கள். இருளர்கள் பிடித்துக் கொடுத்த பாம்புகளின் தோல் பர்ஸாகவும் பெல்ட்டாகவும் கப்பலேறியது. 1972ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து, தொடர்ந்து தோல் ஏற்றுமதியும் தடைசெய்யப்பட்டபோது, பாம்புகளுக்கு விடிந்தது. பிடித்தவர்கள் வீட்டில் அடுப்பு அணைந்தது. பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேகர் போன்றவர்கள் கூட நின்று, 1978ல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழில் கூட்டுறவு சங்கம் பதிவானது. பாம்பைக் கொல்லாமல் விஷத்தை மட்டும் எடுத்து விற்கலாம் என்பது யோசனை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலி முதலைப் பண்ணைக்குள்ளேயே அது இருப்பதால், சனி ஞாயிறில் பிள்ளைகளோடு போகிற எல்லோரும் அதைப் பார்த்திருப்பீர்கள்.

நான் பார்த்ததைச் சொல்கிறேன். வரிசையாக மண்பானைகள். ஒவ்வொன்றின் வாயிலும் துணி கட்டியிருக்கும். ஒருவர் ஒரு பானையின் கட்டை அவிழ்த்து, கம்பியால் கண்ணாடி விரியனை எடுத்து மணலில் விடுகிறார். அது குக்கர் போலச் சீறுகிறது. சுற்றி நிற்கும் கூட்டம் ஒரு அடி பின்னால் போகிறது, அவர் அரை அடி முன்னால் போகிறார். தலைக்குப் பின்னால் பிடித்து, வாயில் மெல்லிய சவ்வு இழுத்துக் கட்டிய கண்ணாடிக் குடுவையில் கடிக்க வைக்கிறார். மஞ்சளாகச் சில சொட்டு. அவ்வளவுதான். ஒரு பாம்பை மூன்று வாரம் வைத்திருந்து, வாரத்துக்கு ஒன்றென்ற கணக்கில் நாலு முறை விஷம் எடுத்து, அடிவயிற்றுச் செதிலில் ஒரு சின்ன வெட்டுக் குறி போட்டு விட்டுவிடுகிறார்கள். மறுபடி கையில் சிக்கினால் குறியைப் பார்த்து, இது ஏற்கெனவே கொடுத்தது என்று விட்டுவிடலாம். காட்சி முடிந்ததும் எல்லோரும் செல்ஃபி எடுக்கப் போனார்கள். நான் அந்தச் செதில் குறியைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தேன். வேட்டை, அறுவடை, காவல் மூன்றும் ஒரு நகவெட்டுக் குறியில் சேர்ந்திருப்பதாகப் பட்டது.

நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நாலு பாம்பின் விஷம் பொடியாக உலர்த்தப்பட்டு மருந்துக் கம்பெனிகளுக்குப் போகிறது. அவர்கள் அதைக் குதிரைக்குச் சிறிது சிறிதாக ஏற்றி, அதன் ரத்தத்திலிருந்து விஷமுறிவு மருந்தைப் பிரிக்கிறார்கள். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியில் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் என்று 2020ல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. வருஷத்துக்கு 58,000. பிழைத்தவர்களின் உடம்பில் ஏறிய மருந்தில் பெரும்பங்கு இந்தப் பானைகளிலிருந்து தொடங்கியதுதான். இதில் ஒரு சிக்கலும் உண்டு. பாம்பின் விஷம் இடத்துக்கு இடம் மாறுகிறது. ராஜஸ்தானத்து நாகத்தின் விஷமும் நம்மூர் நாகத்தின் விஷமும் ஒன்றல்ல என்று விஞ்ஞானிகள் கொஞ்ச காலமாகச் சொல்லி வருகிறார்கள். அப்படியென்றால் வடக்கே ஏதோ ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்கும் குப்பிக்குள்ளும், குறையோ நிறையோ, செங்கல்பட்டுச் சீமையின் வரப்பும் கரையும்தான் இருக்கிறது.

இவ்வளவும் நடப்பது ஒரு பெர்மிட்டில். இந்த வருஷம் எந்தப் பாம்பு, எத்தனை, எந்த மாவட்டங்களில் என்று அரசு ஆணை வந்தால்தான் கூடையை எடுக்க முடியும். ஆணை தள்ளிப்போனால் பானைகள் காலி. கண்காணிப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, எண்ணிக்கைக்கு வரம்பு இருப்பது நல்லதுதான். ஆனால் அந்த எண்ணை யார் சொல்ல வேண்டும்? ஒரு ஏரிக்கரையில் இந்த வருஷம் பாம்பு குறைந்திருக்கிறதா கூடியிருக்கிறதா என்று சென்னைக் கோட்டையில் தெரியுமா, கரையில் நடப்பவனுக்குத் தெரியுமா?

கூட ஒரு ஆள்

இந்தக் கேள்வி எனக்கு ரொம்ப நாளாகக் காகிதக் கேள்வியாகத்தான் இருந்தது. 2023 ஜனவரியில் பாம்பு பிடிக்கும் இருளர்களான வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் பத்மஸ்ரீ அறிவித்தபோது, எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ஸப் குழுவில் கைதட்டல் மழை. அவர்கள் ஃப்ளோரிடாவுக்கு 2017ல் போய், அங்கே ஊர்க்காரர்களுக்கே டிமிக்கி கொடுத்துக்கொண்டிருந்த பர்மிய மலைப்பாம்புகளைக் கொஞ்ச நாளில் பத்துக்கு மேல் பிடித்த கதையை மூன்று பேர் தனித்தனியாக ஃபார்வர்டு செய்தார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

எங்கள் குடியிருப்பு பெரும்பாக்கம் பக்கம். பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்குத் தண்ணீர் போகிற வழியில் கட்டியது என்று மழைக்காலத்தில் எல்லோருக்கும் ஞாபகம் வரும். ஒரு கார்த்திகை மாத மழைக்குப் பிறகு, பம்ப் ரூமில் பாம்பைப் பார்த்ததாகப் பேச்சு. செக்யூரிட்டி போன் போட்டார். வனத்துறை ஊழியர் ஒருவர் வந்தார், அவரோடு ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு இருளர். தொளதொளப்பான அரைக்கைச் சட்டை, மடித்துக் கட்டிய லுங்கி, கையில் குட்டைக் கடப்பாரை.

குடியிருப்போர் சங்கச் செயலாளர் பம்ப் ரூம் கதவைத் திறந்துவிட்டு நின்றார். அந்த மனிதர் அந்தப் பக்கமே போகவில்லை. காம்பவுண்டுச் சுவரை ஒட்டி மெதுவாக நடந்தார். மழைநீர் வடிகாலின் ஓரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். மண்ணைத் தொட்டார். எழுந்து, குப்பைத்தொட்டி வைக்கிற இடம்வரை போய்த் திரும்பி வந்தார். “பம்ப் ரூம்லதான் பாத்தாங்க” என்று செயலாளர் இரண்டு தடவை சொன்னார். அதற்குள் பால்கனிகள் நிரம்பி, போன்கள் நீண்டுவிட்டன. அவர் நந்தியாவட்டைப் புதருக்கு அடியில் ஒரு வளையைக் காட்டி என்னைக் கூப்பிட்டார். நான்தான் பக்கத்தில் நின்றேன் போலிருக்கிறது. “தோ பாரு சார். எலி வளைன்னா வாய்ல மண்ணு உதிரியா கெடக்கும். இது வழவழன்னு தேஞ்சிருக்குது பாரு. உள்ள பூந்துகினு வந்துகினு இருக்குது.” கடப்பாரையால் வளையின் வாயில் இல்லை, ஒரு முழம் தள்ளி வெட்டினார். கையை விட்டார். ஆறடிச் சாரை ஒன்று வெளியே வந்தது.

மேலே இருந்து “கோப்ரா, கோப்ரா” என்று கத்தல். “சாரைம்மா. எலி துன்ற பாம்பு. கடிச்சாலும் ஒண்ணும் ஆவாது. இங்கயே உட்டா உங்களுக்குத்தான் நல்லது” என்றார். செயலாளர் முகத்தைப் பார்த்துவிட்டுப் பையை எடுத்தார்.

எங்கே விடுவீர்கள் என்று கேட்டேன். “அத சாரு சொல்வாரு” என்று வனத்துறை ஊழியரைக் காட்டினார். பிறகு, பிள்ளைகள் விளையாடுகிற சறுக்குமரத்தைப் பார்த்தபடி, “நான் சின்னப் புள்ளையா இருக்கச்சொல்ல எங்கப்பன்கூட இங்க வளை வெட்டியிருக்கறேன். இப்டிக்கா ஒரு கரை போச்சி. கரை முச்சூடும் புத்து. மழைக்கு மின்னாடி பாம்பெல்லாம் கரை ஏறும்” என்றார்.

“இங்க கட்டும்போது உங்கள யாராச்சும் கேட்டாங்களாண்ணா?”

சிரித்தார். “எங்கள யார் சார் கேப்பா? பாம்பு வந்தா கூப்புடுவாங்க.”

அவர்கள் போன பிறகு செக்யூரிட்டி மேஜையில் வருகைப் பதிவேடு திறந்திருந்தது. வனத்துறை ஊழியரின் பெயர், பதவி, கைபேசி எண், வண்டி எண், வந்த நேரம், போன நேரம் எல்லாம் சுத்தமாக எழுதியிருந்தது. பக்கத்தில், “கூட ஒரு ஆள்.”

செக்யூரிட்டியைக் குறை சொல்ல மாட்டேன். அவர் கேட்டிருந்தால் அந்த மனிதர் சொல்லியிருப்பார், அவ்வளவுதான். ஆனால் அன்றைக்குத்தான் வேடந்தாங்கல் கௌல் எனக்கு வேறு மாதிரித் தெரிந்தது. வேடந்தாங்கல்காரர்களுக்கு அந்தக் காகிதம் பறவையைப் பார்த்துக்கொள்ளும் வேலையைக் கொடுக்கவில்லை, அதை அவர்கள் ஏற்கெனவே செய்துகொண்டிருந்தார்கள். அந்நியனை நிறுத்தி, “இங்கே கூடாது” என்று சொல்லும் அதிகாரத்தைக் கொடுத்தது. இருளர்களுக்கு நாம் கொடுத்திருப்பது வேலை. பாராட்டு. இரண்டு பத்மஸ்ரீ. கரை போகப்போகிறது என்று தெரிந்தால் வேண்டாம் என்று சொல்ல ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. கரை போய், கரையில் இருந்த பாம்பு பம்ப் ரூமுக்கு வந்த பிறகு, அதைப் பிடிக்க ஆள் அனுப்புகிறோம்.

ஃப்ளோரிடா கதையை வைத்து ஒரு நண்பர் என்னை மடக்கினார். அந்த மண்ணை முன்னே பின்னே பார்க்காதவர்கள் அங்கே போய்ப் பிடிக்கவில்லையா, அப்புறம் மண் எதற்கு, திறமைதானே என்றார். நியாயமான கேள்வி. ஆனால் அங்கேயும் அவர்கள் ரோட்டோரம் வண்டியில் போய்ப் பாம்பு தேடவில்லை. புதருக்குள் போய் எச்சம், சட்டை, ஊர்ந்த தடம் என்று தேடினார்கள். அந்தக் கண் செங்கல்பட்டு வரப்பில் பழகிய கண். அடுத்த தலைமுறைக்கு அது எங்கே பழகும்? பேவர் பிளாக்கிலா?

சோளகர் தீ

உலகம் முழுக்க இப்போது பழங்குடிகள் தலைமையில் பாதுகாப்பு என்று பேசுகிறார்கள். மாநாடுகளில் கேட்கும்போது கொஞ்சம் பூச்சுத் தங்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் நம் சட்டப் புத்தகத்தில் அது 2006லேயே வந்துவிட்டது. வன உரிமைச் சட்டம் பயிர் செய்கிற துண்டு நிலத்துக்குப் பட்டா கொடுப்பதோடு நிற்கவில்லை. வழிவழியாகக் காத்துவந்த சமூகக் காட்டைப் பாதுகாக்கவும், மீட்கவும், நிர்வகிக்கவும் அந்தச் சமூகத்துக்கு உரிமை என்று எழுதியிருக்கிறது. ஒடிசாவின் நியமகிரியில் 2013ல் பன்னிரண்டு கிராம சபைகள் கூடி, பாக்ஸைட் சுரங்கம் வேண்டாம் என்று ஒன்றுவிடாமல் சொன்னது இந்தச் சட்டத்தின் பலத்தில்தான். உச்ச நீதிமன்றமே அவர்களைக் கேள் என்று சொல்லியிருந்தது.

நமக்குப் பக்கத்து உதாரணம், சத்தியமங்கலத்தை ஒட்டி, கர்நாடகத்தில் இருக்கும் பிலிகிரிரங்கன் மலை. 2011ல் புலிகள் காப்பகமான அதே ஆண்டில், அங்கே இருக்கும் சோளகர் பழங்குடிகளுக்குச் சமூக வன உரிமை கிடைத்தது. புலிகள் காப்பகத்துக்குள் அப்படிக் கிடைத்தது நாட்டிலேயே முதல் தடவை. எனக்கு இதில் பிடித்தது தீ பற்றிய கதை. தை, மாசியில், சருகு காய ஆரம்பிக்கும்போதே சோளகர்கள் தரையோடு தரையாகச் சின்னத் தீ வைப்பார்கள். தரகு பெங்கி என்பார்கள். புல் துளிர்க்கும், புதர் மண்டாது, நெல்லி மரத்தைப் பிடிக்கும் புல்லுருவி மட்டுப்படும். 1970களில் சரணாலயமானதும் தீ குற்றமானது. அதற்குப் பிறகு உண்ணிச்செடி காட்டைப் போர்வை மாதிரி மூடிவிட்டது. நாங்கள் தீ வைத்திருந்தால் உண்ணி இவ்வளவு ஏறியிருக்காது என்று சோளகர்கள் சொன்னபோது யாரும் காதில் வாங்கவில்லை. பிறகு ஆய்வாளர்கள் அளந்து பார்த்து, அதில் விஷயம் இருக்கிறது என்று எழுதினார்கள். நெல்லி பறிக்கத் தடை வந்தபோதும் இதே கதை. காய் பறிக்க மரமேறுகிறவன் புல்லுருவியையும் வெட்டிவிட்டு இறங்குவான். பறிப்பவன் போனதும் புல்லுருவி தழைத்து மரம் பட்டது.

2010க்கும் 2014க்கும் நடுவே அந்த மலையில் புலிகள் 35லிருந்து 68 ஆனதாகக் கணக்கு வந்தது. சோளகர் இருந்ததால்தான் ஏறியது என்று பலரும் எழுதிவிட்டார்கள். எனக்கு அந்த அவசரம் இல்லை. புலி கூடுவதற்கு நூறு காரணம் இருக்கும். சோளகர் இருந்தும் ஏறியது என்பது போதும், என் நண்பனின் முதல் வாக்கியம் அதோடு விழுந்துவிடுகிறது. கேரளத்து வாழச்சாலில் காடர் பழங்குடிகள் இருவாச்சிப் பறவையின் கூடுகளைக் காவல் காப்பதும், அவர்களின் குடியிருப்புகளுக்கு 2014ல் சமூக வன உரிமை கிடைத்ததும் இன்னொரு நீண்ட கதை. அது இன்னொரு நாளைக்கு.

தமிழ்நாட்டில் நாம் இந்த விஷயத்தில் மெதுவாகத்தான் நடந்தோம். 2008ல் சென்னை உயர்நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவு ஒன்று பட்டா வழங்குவதைக் கட்டிப்போட்டது, வருஷக்கணக்கில் அப்படியே கிடந்தது. அது நீங்கிய பிறகும் மலைமாவட்டங்களில்தான் அந்தச் சட்டம் பேச்சில் இருக்கிறது. செங்கல்பட்டு இருளருக்கு அது எட்டவே எட்டாது. சட்டம் கேட்பது வனநிலம். இவர்களிடம் இருப்பது ஏரிக்கரை. காடு என்று அரசிதழில் பெயர் வாங்காத காட்டில் பிறந்துவிட்டார்கள். வீட்டுமனைப் பட்டாவுக்கே மனு, அதற்கு முன்னால் சாதிச் சான்றிதழுக்கு மனு, சான்றிதழுக்கு ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசல். அரிசி ஆலையிலும் செங்கல் சூளையிலும் மரம் வெட்டும் இடங்களிலும் கொத்தடிமைகளாக இருந்து மீட்கப்பட்ட குடும்பங்கள் என்று செய்தி வரும்போது, அதில் பாதிக்குப் பாதி இவர்கள் பெயராகத்தான் இருக்கும். மாசி மகத்தன்று மாமல்லபுரம் கடற்கரையில் கன்னியம்மாளைக் கும்பிட ஆயிரக்கணக்கில் கூடி, மணலில் கூடாரம் போட்டு, கல்யாணம் காட்சி எல்லாம் முடித்துக்கொண்டு போவார்கள். அந்த ஒரு பௌர்ணமிக்கு மட்டும் அவர்கள் எங்கே தங்குகிறார்கள் என்று யாரும் பத்திரம் கேட்பதில்லை.

வழியே இல்லை என்று நான் நினைக்கவில்லை. திருக்கழுக்குன்றம் பக்கத்தில் தண்டரையில், இருளர் பெண்களின் சங்கம் ஒன்று 1980களிலிருந்து மூலிகையும் மரக்கன்றும் வளர்த்துவருகிறது. கையில் கொஞ்சம் நிலம் நிலையாக இருந்தால் என்ன செய்வார்கள் என்பதற்கு அது போதும். சட்டத்திலும் இடம் உண்டு. 2002ம் வருஷத்து பல்லுயிர்ச் சட்டத்தில் பல்லுயிர் பாரம்பரியத் தலம் என்று அறிவிக்க வழி இருக்கிறது. அதற்கு வனநிலமாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மதுரைப் பக்கம் அரிட்டாபட்டி 2022ல் அப்படித்தான் தமிழ்நாட்டின் முதல் தலமானது. 2024ல் டங்ஸ்டன் சுரங்க ஏலம் வந்தபோது மக்கள் கையில் அந்த அறிவிப்பும் இருந்தது, கிராம சபைத் தீர்மானங்களும் இருந்தன. 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. காகிதம் மட்டும் சுரங்கத்தை நிறுத்தியிருக்காது, ஊர் திரண்டு மதுரைக்கு நடந்ததுதான் நிறுத்தியது. ஆனால் எதைக் காட்டிப் பேசுவது என்று அவர்களுக்கு ஒன்று இருந்தது. செங்கல்பட்டில் மிஞ்சியிருக்கும் கரைகளிலும் முள்ளுக்காடுகளிலும் ஒரு சிலவற்றையாவது அப்படி அறிவித்து, பாம்புக் கணக்கையும் புற்றுக் கணக்கையும் கூட்டுறவுச் சங்கத்துக்காரர்கள் கையிலேயே கொடுக்க முடியாதா? கோடிக்கணக்கில் செலவாகும் காரியம் இல்லை. அங்கே மனை விற்க முடியாது, அதுதான் செலவு.

“வித்துட்டா?”

இதையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பனிடம் முழுசாகக் கொட்டினேன். காட்டிலிருந்து ஜனங்களை வெளியேற்ற வேண்டும் என்ற பேச்சை அவன் விட்டுவிட்டான். ஆனால் சளைக்கவில்லை. “சரி, குடுக்கறோம்னு வச்சுக்க. நாளைக்கே அவங்க வித்துட்டுப் போயிட்டா? ஒரு பிளாட் புரோமோட்டர் வந்து கையில ரெண்டு லட்சம் வச்சா?”

வன உரிமைச் சட்டத்தில் கொடுக்கும் நிலத்தை விற்க முடியாது என்றேன். பிள்ளைக்குப் போகும், பேரனுக்குப் போகும், இன்னொருவர் பெயருக்கு மாற்ற முடியாது, சட்டத்தில் அப்படியே எழுதியிருக்கிறது. அதே மாதிரி ஒரு நிபந்தனையைக் கரைக்கும் போட்டால் போயிற்று. அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, விற்க முடியாத நிலத்தை வைத்துக்கொண்டு ஒருத்தன் என்ன செய்வான் என்று கேட்டான்.

சிங்கப்பெருமாள் கோயிலுக்கு மேற்கே அவன் ஒரு மனை வாங்கிப் போட்டிருக்கிறான். அவனுக்கு முன்னால் மூன்று பேர் பெயரில் இருந்திருக்கிறது, வில்லங்கச் சான்றிதழில் வரிசையாகப் பார்த்திருக்கிறேன். நாலு பேரில் ஒருவரும் அதில் ஒரு செங்கல் வைக்கவில்லை, ஒரு செடி நடவில்லை. கல் நட்டு, கம்பி கட்டி, விலை ஏறக் காத்திருக்கிறார்கள். அதைச் சொன்னேன். “அது இன்வெஸ்ட்மென்ட்டுடா” என்றான். பத்திரத்தில் அந்த மனையின் வடக்கு எல்லையாகப் போட்டிருப்பது ஒரு ஏரி வாய்க்கால். அங்கே இப்போது வாய்க்கால் இருக்கிறதா என்று கேட்டேன். போன தடவை போனபோது புதராக இருந்ததால் இறங்கிப் பார்க்கவில்லை, பாம்பு இருக்கும் என்றார்கள் என்று சொன்னான்.